ஸ்வார்ட்ஃபிஷ் பார்த்துச் சிரிப்பவர்கள் எங்கே கோட்டை விடுகிறார்கள்?

பெருந்துறைப் பக்கமிருந்து ஒரு அப்பா கேட்டிருக்கிறார்: "பையன் பன்னெண்டாவது முடிச்சிருக்கானுங்க. ஸ்வார்ட்ஃபிஷ்னு ஒரு இங்கிலீஷ் படத்தப் பாத்துட்டு, ஹேக்கிங்தான் படிப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்கறான். கம்ப்யூட்டர் தெரிஞ்ச என்ற மச்சான் அது சுத்த டுபாக்கூர் படம்ங்கறாரு. அருமையான படம்னு சொல்றவங்களும் இருக்காங்க. எது நெசமுங்க?"

மச்சான் சொல்வதில் பாதி நிஜம். கீபோர்டு, திரை, புரோகிராம் கோடு என்று வருகிற காட்சிகளை மட்டும் எடுத்துக்கொண்டால் படம் டுபாக்கூர்தான், அதில் வாதாட எதுவுமில்லை. ஆனால் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு நெட்வொர்க், சர்வர் வேலை பார்த்தே காலம் ஓட்டிக்கொண்டிருக்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். பணம் எந்த வழியாகக் கைமாறிப் போகிறது என்கிற விஷயத்தில், அந்தப் படத்தைக் கிண்டலடித்தவர்கள் பேசியதைவிட அந்தப் படமே நிஜத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பார்க்காதவர்களுக்காகக் கதையை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். 2001 ஜூனில் வந்த படம். இயக்கம் டொமினிக் சேனா. தயாரிப்பு ஜோயல் சில்வர், மேட்ரிக்ஸ் எடுத்தவர். ஜெயிலுக்குப் போய் வந்த, கம்ப்யூட்டரைத் தொடக்கூடாது என்று கோர்ட் கட்டிப்போட்ட ஹேக்கராக ஹியூ ஜாக்மேன். அவரைப் பிடித்து வந்து, அரசாங்கத்தின் ரகசியக் கணக்கில் வட்டியோடு சேர்ந்து கிடக்கும் 950 கோடி டாலரைச் சுருட்டப் பார்க்கும் ஆளாக ஜான் டிரவோல்டா. இருவருக்கும் நடுவில் ஹாலி பெர்ரி, துரத்துகிற எஃப்.பி.ஐ. அதிகாரியாக டான் சீடில். ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

படம் வந்தபோது அமெரிக்க விமர்சகர்களில் பெரும்பாலோர் சீந்தவில்லை. அந்த வருடத்து மோசமான நடிகருக்கான ராஸி விருதுப் பட்டியலில் டிரவோல்டா பெயர் வந்தது, இந்தப் படத்துக்கும் அதே வருடம் வந்த இன்னொரு படத்துக்கும் சேர்த்து. ஆனால் விமர்சகர் தள்ளியதை ரசிகர் தூக்கி வைத்துக்கொள்வது நமக்கு ஒன்றும் புதிதில்லையே.

கோயம்புத்தூர் ஹாஸ்டல்களில் இந்தப் படம் வி.சி.டி.யாகச் சுற்றிய காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒருவன் கம்ப்யூட்டர் வைத்திருந்தால் அந்த அறையில் இருபது பேர் நிற்பார்கள். பாதிப் பேருக்கு அமெரிக்க உச்சரிப்பு பிடிபடாது, சப்டைட்டிலும் இருக்காது, ஆனாலும் ஒரு சத்தம் வராது. ஆரம்பக் காட்சி அப்படி. டிரவோல்டா ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து, ஹாலிவுட் படமெல்லாம் குப்பை என்று நிதானமாகப் பேசிக்கொண்டிருப்பார். அல் பசினோ வங்கிக் கொள்ளையனாக நடித்த 1975 படத்தை எடுத்துக்கொண்டு, பிணைக்கைதிகளை ஒவ்வொருவராகக் கொன்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று கணக்குப் போடுவார். பிறகுதான் தெரியும், எதிரே இருக்கிற வங்கிக்குள் அவரே பிணைக்கைதிகளை வைத்திருக்கிறார், ஒவ்வொருவர் உடம்பிலும் வெடிகுண்டும் இரும்புக் குண்டுகளும் கட்டியிருக்கிறார் என்று. காப்பாற்றுவதாக நினைத்து ஒரு போலீஸ்காரர் அதில் ஒரு பெண்ணை இழுத்துக்கொண்டு ஓட, அது வெடிக்கும். வெடித்த கணம் அப்படியே உறைந்து நிற்க, கேமரா தெருவையே ஒரு சுற்று சுற்றி வரும். சிதறும் கண்ணாடி, தூக்கி எறியப்படும் கார், அந்தரத்தில் நிற்கும் இரும்புக் குண்டுகள். வரிசையாக ஏகப்பட்ட ஸ்டில் கேமராக்களை நிறுத்தி எடுத்து, கம்ப்யூட்டரில் இழைத்த ஷாட் அது. "குடுத்த காசு இதுக்கே செரியாப் போச்சு" என்று அன்று சொன்னவர்கள் இன்றும் அதையேதான் சொல்கிறார்கள். நானும் அந்தக் கட்சிதான்.

அதற்கப்புறம் ரசிகர்கள் பிரிந்துவிடுகிறார்கள். ஆக்‌ஷன் படம் என்று நினைத்துப் போனவர்களுக்கு ஒரே குறை கிளைமாக்ஸ். பிணைக்கைதிகள் நிறைந்த பஸ்ஸை ஹெலிகாப்டர் கட்டித் தூக்கிக்கொண்டு லாஸ் ஏஞ்சலஸ் கட்டடங்களுக்கு நடுவே பறக்கும். நம்மூரில் அதற்கெல்லாம் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், விசில்தான் பறக்கும். முடிவு புரியவில்லை என்றவர்கள் கொஞ்சம் பேர். செத்தது யார், தப்பித்தது யார் என்று படம் முடிந்த பிறகும் ஒரு அரை மணி நேரம் பேச வைக்கிற முடிவு அது. ஹாலி பெர்ரி வரும் ஒரு காட்சிக்காகவே படம் பேசப்பட்டது என்பதும் உண்மை. அமெரிக்காவிலேயே, பதினேழு வயதுக்குக் கீழே பெரியவர் துணையில்லாமல் பார்க்க முடியாத ஆர் சான்றிதழ் வாங்கிய படம். ஆகவே, பையனோடு சேர்ந்து உட்கார்ந்து பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்று நினைத்திருந்தால், தனியாகப் பார்த்துவிடுவது நல்லது. வீட்டில் அம்மணியும் கூட இருந்தால் ரிமோட்டைத் தேட நேரமிருக்காது.

இன்னொரு வகை எதிர்ப்பு கொஞ்சம் கனமானது. டிரவோல்டா பாத்திரம் திருடும் பணம் சொந்தச் செலவுக்கு இல்லை. அமெரிக்காவைத் தாக்கும் தீவிரவாதிகளைத் தேடிப் போய்ப் பத்து மடங்காகத் திருப்பி அடிக்கத்தான் பணம் என்பார். உலகத்து நோயையெல்லாம் ஒழிக்க ஒரு குழந்தையைக் கொல்வாயா என்று ஹேக்கரைக் கேட்பார். படம் வந்து மூன்றே மாதத்தில் செப்டம்பர் 11 நடந்தது. அதற்கப்புறம் அதே வசனத்தைக் கேட்கிறவர்களுக்கு அது வெறும் வில்லன் பேச்சாகப் படவில்லை. வில்லனை இவ்வளவு ஸ்டைலாகக் காட்டி, கடைசியில் ஜெயிக்கவும் வைத்துவிட்டார்களே என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் படத்தில் பதில் இல்லை. படம் எடுத்தவர்கள் அவ்வளவு தூரம் யோசித்ததாகவும் எனக்குத் தோன்றவில்லை.

இனி மச்சான் கட்சிக்கு வருவோம்.

அவர்கள் சிரிக்கும் முதல் இடம், அறுபது விநாடிக் காட்சி. நெற்றியில் துப்பாக்கி, கவனத்தைச் சிதறடிக்க ஒரு பெண், எதிரே லேப்டாப். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் கம்ப்யூட்டருக்குள் ஒரு நிமிடத்தில் நுழைய வேண்டும். ஜாக்மேன் விரல் பறக்கத் தட்டுவார், கதவும் திறந்துவிடும். இதற்கு நடுவே, தகவலைப் பூட்டி வைக்கும் 128 பிட் சங்கேதம் என்ற பேச்சும் வரும்.

128 பிட் என்றால் என்ன கணக்கு என்று பார்த்துவிடலாம். ஒன்றை இரண்டால் 128 தடவை பெருக்கினால் எத்தனை வருமோ அத்தனை சாவிகள். 34 என்று எழுதிப் பக்கத்தில் 37 சைபர் போட்டுக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட அதுதான். விநாடிக்கு ஒரு லட்சம் கோடி சாவியைப் போட்டுப் பார்க்கும் இயந்திரம் இருந்தாலும், எல்லாவற்றையும் முயன்று முடிக்க ஒரு லட்சம் கோடியைக் கோடியால் பெருக்கினால் வரும் அத்தனை ஆண்டுகள் ஆகும். இந்தப் பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடி ஆண்டுகள்தான். இதில் விரல் எவ்வளவு வேகமாகத் தட்டினால் என்ன, துப்பாக்கி நெற்றியில் இருந்தால் என்ன?

ஆனால் அந்தக் காலத்து ரசிகர் ஏன் நம்பினார் என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. அதற்கு முன்பு உலகம் முழுக்க வங்கிகள் பயன்படுத்திய டெஸ் என்ற சங்கேத முறைக்குச் சாவி நீளம் வெறும் 56 பிட். 1998இல் அமெரிக்காவின் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் இரண்டரை லட்சம் டாலருக்குள் ஒரு இயந்திரம் செய்து, அதை 56 மணி நேரத்தில் உடைத்துக் காட்டியது. அடுத்த ஜனவரியில், இணையத்தில் இணைந்த ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களின் துணையோடு ஒரு நாளுக்குள்ளேயே முடிந்தது. பத்திரிகையில் இந்தச் செய்திகளைப் படித்தவனுக்கு, இன்னும் கெட்டிக்காரன் ஒருவன் வந்தால் ஒரு நிமிடத்தில் முடிப்பான் என்று தோன்றுவது இயல்புதான். 56க்கும் 128க்கும் நடுவிலுள்ள தூரம் இரண்டு மடங்கு சொச்சம் இல்லை, ஒவ்வொரு பிட்டுக்கும் வேலை இரட்டிக்கிறது என்பது கணக்குப் பாடத்தில்தான் தெரியவரும், சினிமாவில் தெரியாது.

இரண்டாவதாகச் சிரிப்பது, ஒயின் குடித்துக்கொண்டே சுழல் நாற்காலியில் ஆடியபடி ஜாக்மேன் வைரஸ் எழுதும் காட்சி. அத்தனை மானிட்டர்களிலும் வண்ணக் கனசதுரங்கள் ஒன்றோடொன்று வந்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டாவிட்டால் திட்டுவார், ஒட்டினால் குதிப்பார். கோடு எழுதுவது அப்படி இருக்காது, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து, நடுராத்திரி, ஆறிப்போன டீ, அவ்வளவுதான். ஆனால் அந்தக் குதிப்பு மட்டும் அச்சு அசல். மூன்று மணி நேரம் தேடிய தப்பு ஒரு கமா என்று கண்டுபிடித்தவனைப் பார்த்திருக்கிறீர்களா? அப்படித்தான் குதிப்பான்.

இந்தப் படத்தை எழுதியவர் கம்ப்யூட்டர் உலகத்தை அறவே தெரியாதவர் இல்லை என்பதற்குச் சின்னச் சின்ன அடையாளங்கள் உள்ளே கிடக்கின்றன. ஆரம்பத்தில் பிடிபட்டுச் சாகும் ஃபின்லாந்து ஹேக்கரின் பெயர் ஆக்ஸல் டார்வால்ட்ஸ். லினக்ஸ் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்தைத் தொடங்கிய ஃபின்லாந்துக்காரர் லினஸ் டார்வால்ட்ஸுக்கு வைத்த சலாம் அது. தன் பழைய வைரஸை ஜாக்மேன் ஒளித்து வைத்திருப்பது கால்டெக் கல்லூரியில் பழைய ஞாபகத்துக்காக ஓடவிட்டிருக்கும் ஒரு பி.டி.பி-10 கம்ப்யூட்டரில். அது 1966இல் வந்து, எண்பதுகளின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றுபோன நிஜ இயந்திரம். ஜாக்மேன் ஜெயிலுக்குப் போனதே எஃப்.பி.ஐ.யின் கார்னிவோர் என்ற மின்னஞ்சல் ஒட்டுக்கேட்பு அமைப்பைக் கெடுத்ததற்காக என்று வரும். கார்னிவோர் கற்பனை இல்லை, 2000இல் அது வெளியே தெரிந்து அமெரிக்காவில் பெரிய சர்ச்சையானது. கம்ப்யூட்டரைத் தொடக்கூடாது என்ற தடையும் நிஜ வாழ்க்கையில் நடந்ததுதான். அமெரிக்க ஹேக்கர் கெவின் மிட்னிக் 1995இல் பிடிபட்டு, 2000 ஜனவரியில் வெளியே வந்தபோது அவருக்கு அதே நிபந்தனை. மூன்று வருடம் கம்ப்யூட்டர், இணையம் பக்கம் போக முடியாமல் இருந்தார்.

மிட்னிக்கைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் சங்கேதத்தை உடைத்துப் பேர் வாங்கியவர் இல்லை. போன் போட்டு, ஆபீஸ் ஆள் மாதிரி பேசி, பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கியே காரியம் சாதித்தவர். நான் சொல்ல வந்த விஷயமே இங்கேதான் தொடங்குகிறது.

படத்தில் டிரவோல்டா ஒரு கதை சொல்வார். மாயாஜாலக்காரர் ஹூடினி, நியூயார்க் அரங்கில் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க ஒரு யானையை மறைய வைத்த கதை. 1918இல் நடந்தது. பார்க்கிறவன் கண்ணை வேறு பக்கம் திருப்பு, காரியத்தை இந்தப் பக்கம் முடி, அதுதான் சூட்சுமம் என்பது அவர் கட்சி. படம் முழுக்க அதையே செய்கிறார். வங்கி முன்னால் வெடிகுண்டு, டி.வி. கேமரா, பஸ், ஹெலிகாப்டர். எல்லோரும் அதையே பார்க்க, பணம் சத்தமில்லாமல் வேறு பக்கம் போய்விடும். கடைசியில் பிணவறையில் கிடக்கும் பிணம்கூட கண்கட்டுதான். கனசதுரத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் இதைக் கோட்டை விட்டார்கள். நிஜக் கொள்ளையில் சங்கேதத்தை யாரும் உடைப்பதில்லை, அதைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். சுற்றிப் போவதற்கு வேண்டியது, காவல் இருப்பவன் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு நேரம்.

நம்பிக்கை இல்லையென்றால் வங்கதேச மத்திய வங்கியின் கதையைக் கேளுங்கள். 2015 ஜனவரியில் அந்த வங்கி ஊழியர்கள் சிலருக்கு, வேலை கேட்டு ஒருவர் அனுப்பியது போல மின்னஞ்சல் வந்தது. பயோடேட்டாவைப் பார்க்க அதிலிருந்த இணைப்பை யாரோ திறந்தார்கள். உள்ளே நுழைந்தவர்கள் ஒரு வருடம் அசையவில்லை. எந்தக் கம்ப்யூட்டர் எதோடு பேசுகிறது, வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் ஸ்விஃப்ட் முனையம் எது, அங்கே யார் எப்போது உட்காருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். இடையில் மே மாதம் மணிலாவில் ஒரு வங்கிக் கிளையில் போலி ஆவணங்களோடு கணக்குகள் திறக்கப்பட்டு, அவையும் சும்மாவே கிடந்தன.

2016 பிப்ரவரி 4, வியாழன் இரவு. டாக்காவில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை. அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் நியூயார்க் பிரிவில் இருக்கும் வங்கதேசக் கணக்கிலிருந்து கிட்டத்தட்ட 95 கோடி டாலரை மாற்றச் சொல்லி ஒன்றன்பின் ஒன்றாக உத்தரவுகள் போயின. ஸ்விஃப்ட் செய்திகளைத் தானாக அச்சடிக்கும் பிரிண்டர் ஒன்று அந்த ஆபீசில் உண்டு. அது நின்று போயிருந்தது. பிரிண்டர் நிற்பது எந்த ஆபீசில்தான் அதிசயம்? வழக்கமான கோளாறு என்று விட்டுவிட்டார்கள். அதைச் சரிசெய்து, நியூயார்க்கிலிருந்து வந்து குவிந்திருந்த கேள்விகளைப் படித்தபோது அங்கே வாரக்கடைசி தொடங்கியிருந்தது, போனை எடுக்க ஆளில்லை. அடுத்து மணிலாவுக்குச் சொல்லி நிறுத்தலாம் என்றால் திங்கட்கிழமை சீனப் புத்தாண்டு, அங்கே வங்கி விடுமுறை. மூன்று நாட்டுக் காலண்டரை ஒன்றாக வைத்து நாள் குறித்திருக்கிறார்கள். நம்ம ஊரில் கல்யாணத்துக்குக்கூட இப்படி நாள் பார்க்க மாட்டார்கள்.

8 கோடியே 10 லட்சம் டாலர் மணிலா போய்ச் சேர்ந்து சூதாட்டக் கூடங்களுக்குள் கரைந்தது. இலங்கைக்குப் போன 2 கோடி டாலர், வாங்கும் அமைப்பின் பெயரில் ஃபவுண்டேஷன் என்ற வார்த்தையைத் தப்பாக அடித்திருந்ததால் நின்றது. மீதிப் பெரும்பணம் நியூயார்க்கிலேயே நிறுத்தப்பட்டது. வட கொரிய அரசோடு தொடர்புள்ள குழு என்று அமெரிக்கா பின்னால் குற்றம் சாட்டியது. 128 பிட் சங்கேதம் கடைசி வரை அப்படியே பத்திரமாகத்தான் இருந்தது, அதை யாரும் தொடவே இல்லை. ஹெலிகாப்டருக்குப் பதில் ஒரு பிரிண்டர், வெடிகுண்டுக்குப் பதில் நாலு விடுமுறை நாள். மற்றபடி டிரவோல்டாவின் திட்டம்தான்.

நம்ம பக்கம் நடக்கவில்லையா என்றால், 2018 பிப்ரவரியில் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியிலிருந்து ஸ்விஃப்ட் வழியாகவே 20 லட்சம் டாலர் அளவுக்கு வெளிநாட்டுக்கு மாற்றப் பார்த்தார்கள். அங்கேயும் பிரிண்டர் ஓடவில்லை. ஆனால் மறுநாள் காலையிலேயே கணக்கைச் சரிபார்த்தபோது வங்கி கண்டுபிடித்துவிட்டது. அதே வருடம் ஆகஸ்டில் புனேயின் காஸ்மாஸ் கூட்டுறவு வங்கியில் 94 கோடி ரூபாய் போனது. அதில் பெரும்பகுதியைப் போலிக் கார்டுகளை வைத்துப் பல நாடுகளின் ஏ.டி.எம்.களில் சில மணி நேரத்தில் உருவினார்கள்.

வங்கிக் கதை பெரிய இடத்துக் கதை. திருப்பூரில் நான் பார்ப்பது இதன் குட்டி வடிவம், ஆனால் வலி குட்டி இல்லை. பனியன் கம்பெனிக்கு ஜெர்மனியிலோ ஸ்பெயினிலோ சரக்கு வாங்கும் பையர். எல்லாப் பேச்சும் மின்னஞ்சலில். கம்பெனியில் பையரோடு பேசி ஆர்டரைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசர் ஒருவரின் பாஸ்வேர்டு எப்படியோ போயிருக்கும், கம்பெனி பேரும் அதே வருஷமும் சேர்த்து வைத்த பாஸ்வேர்டு. உள்ளே வந்தவன் ஒன்றும் செய்ய மாட்டான், மின்னஞ்சல் எல்லாம் தனக்கும் ஒரு நகல் வரும்படி ஒரு விதி மட்டும் போட்டு வைப்பான். சேம்பிள் போனது, ஆர்டர் உறுதியானது, துணி டையிங்கில் லேட் ஆனது, கண்டெய்னர் தூத்துக்குடியில் ஏறியது என்று ஒவ்வொன்றையும் நம்மோடு சேர்ந்து அவனும் படித்துக்கொண்டே வருவான். இன்வாய்ஸ் போகிற நாளில்தான் அவன் வாய் திறப்பான். "எங்கள் வங்கிக் கணக்கு ஆடிட்டில் இருக்கிறது, இந்த முறை மட்டும் இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள்" என்று பையருக்கு ஒரு கடிதம். அதே லெட்டர்ஹெட், அதே கையெழுத்து, மெர்ச்சண்டைசர் எப்போதும் செய்யும் அதே எழுத்துப்பிழைகூட இருக்கும். அனுப்பிய முகவரியில் மட்டும் ஆங்கில எம் எழுத்துக்குப் பதிலாக ஆர், என் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருப்பான். செல்போன் திரையில் அந்த இரண்டும் ஒட்டி எம் மாதிரியே தெரியும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தாலும் சட்டென்று பிடிபடாது.

அப்படி ஒரு கம்பெனியில் அழைத்தார்கள் என்று போனேன். முதலாளி கோபப்படக்கூட இல்லை. "ஏனுங் தம்பி, ஃபயர்வால் போட்டமே, ஆன்டிவைரஸ் வருசா வருசம் புதுப்பிக்கறமே, அப்பறம் எப்படிங் உள்ள வந்தான்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கணக்குப் பார்க்கும் அக்கா மூலையில் உட்கார்ந்து அந்த மின்னஞ்சலை அச்செடுத்து, ஸ்கேலை வைத்து எழுத்தெழுத்தாக நகர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் மனதில் இருந்த ஹேக்கர், ஃபயர்வால் சுவரை இடித்துக்கொண்டு வருகிறவன். படத்தில் ஜாக்மேன் வருவது போல. வந்தவன் மெர்ச்சண்டைசரின் சாவியை வாங்கிக்கொண்டு வாசல் வழியாகவே வந்து, பல வாரம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன். இதற்குக் கை வைத்தியம் ரொம்ப எளிது. கணக்கு எண் மாறுகிறது என்று கடிதம் வந்தால், அந்தக் கடிதத்தில் உள்ள நம்பருக்கு இல்லாமல், ஏற்கெனவே தெரிந்த நம்பருக்குப் போன் போட்டுக் குரலைக் கேட்டு உறுதி செய்ய வேண்டும் என்று பையரோடு முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது. ஒரு ரூபாய் செலவில்லை. செலவில்லை என்பதாலேயே பல பேர் செய்வதில்லை என்று எனக்கொரு சந்தேகம். ஏமாந்து போனால் முதல் சில மணி நேரத்துக்குள் சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிடுவதும் வங்கிக்குச் சொல்வதும்தான் காசை வழியிலேயே நிறுத்தும் வாய்ப்பு.

ஆகவே படத்தின் பொய் எது என்று கேட்டால் கனசதுரம் இல்லை, அறுபது விநாடி. நிஜத்தில் ஹேக்கிங்கின் பெரும்பகுதி காத்திருப்பு. அதைப் படமாக எடுத்தால் யார் பார்ப்பார்கள்? 2003இல் வந்த மேட்ரிக்ஸ் இரண்டாம் பாகத்தில் டிரினிட்டி என்ற பாத்திரம் பயன்படுத்தும் என்மேப், நெட்வொர்க்கில் திறந்திருக்கும் வாசல்களைத் தேடும் நிஜக் கருவி, அவர் நுழையும் ஓட்டையும் நிஜத்தில் இருந்தது. தெரிந்தவர்கள் கைதட்டினார்கள், மற்றவர்களுக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. திரையில் அது சில நொடிதான்.

சினிமாதானே என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 1983இல் வார்கேம்ஸ் என்ற படத்தில் ஒரு பள்ளிப் பையன் வீட்டு மோடத்திலிருந்து ராணுவக் கம்ப்யூட்டருக்குள் போய்விடுவான். அதைப் பார்த்த அமெரிக்க அதிபர் ரீகன், இப்படி நிஜமாகவே நடக்குமா என்று தளபதிகளைக் கேட்டார். நிலைமை அதைவிட மோசம் என்று பதில் வந்தது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் அரசுக் கம்ப்யூட்டர்களைப் பாதுகாப்பது பற்றி முதல் பெரிய உத்தரவு பிறந்தது. நம்ம பக்கம் 2018இல் வந்த இரும்புத்திரை படத்தில் கோடு காட்சிகளெல்லாம் அலம்பல்தான், ஆனால் கதாநாயகன் கணக்கிலிருந்து லோன் காசு மறைவதைப் பார்த்த பிறகுதான், "ஓ.டி.பி. யாருக்கும் சொல்லக்கூடாதுங்களா?" என்று எங்கள் தெருவில் நாலு பேர் கேட்டார்கள். அதற்கு முன்னால் நான் தொண்டை வற்றச் சொன்னபோது ஒருத்தரும் காதில் போட்டுக்கொண்டதில்லை.

பையன் விஷயத்துக்கு வருகிறேன். ஆசை எதிலிருந்து வந்தது என்று பார்க்க வேண்டாம். ஜாக்மேனைப் பார்த்து வந்த ஆசையாக இருந்தாலும் குற்றமில்லை, போலீஸ் படம் பார்த்துப் போலீஸ் ஆனவர்கள் நிறைய. பி.இ. கவுன்சலிங்கில் சைபர் செக்யூரிட்டி என்று பெயர் போட்ட பிரிவே கிடைக்கிறது. பெயர் முக்கியமில்லை. நெட்வொர்க், ஆபரேட்டிங் சிஸ்டம், கணக்கு மூன்றையும் ஒழுங்காக நடத்துகிற கல்லூரியா என்று அங்கே படிக்கும் இரண்டாம் வருடப் பையன்களைப் பிடித்துக் கேளுங்கள், பிராஸ்பெக்டஸில் இருக்காது. சாதாரண கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துவிட்டு இந்தப் பக்கம் வந்தவர்கள்தான் இன்றைக்கும் அதிகம். ஒன்றை மட்டும் அவனிடம் இப்போதே அழுத்திச் சொல்லிவிடுங்கள். அடுத்தவர் கம்ப்யூட்டரில், பக்கத்து வீட்டு வைஃபையில், பள்ளிக்கூட சர்வரில் "சும்மா பார்த்தேன்" என்பது கிடையாது. நேர்மையில்லாத எண்ணத்தோடு நுழைந்ததாக வழக்கு வந்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஆம் பிரிவில் மூன்று வருடம் வரை ஜெயில், அல்லது 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். வேலைக்குப் போகும்போது அந்தக் கேஸ் பேப்பர் கூடவே வரும்.

பழக வேண்டும் என்றால் சொந்த மெஷினுக்குள்ளேயே இன்னொரு மெஷினை ஓடவிட்டு, அதை உடைத்துப் பழகலாம். அதற்கென்றே ஓட்டை வைத்துச் செய்த இலவச மென்பொருள்கள் கிடைக்கின்றன. படத்தில் இருப்பது போல அத்தனை மானிட்டர் கேட்டால் வாங்கித் தராதீர்கள். காந்திபுரத்தில் பழைய லேப்டாப் விற்கிற கடையில் எட்டு ஜி.பி. ரேம் உள்ள ஒன்றைப் பார்த்து வாங்கி, லினக்ஸ் போட்டுக் கொடுங்கள். பேட்டரி நிற்கிறதா என்று மட்டும் கடையிலேயே ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்துக்கொள்ளுங்க.